தேக்கியவர் கடன்

தமக்குரிய நிலத்தில், தம் மகிழ்ச்சிக்காக நீரைத் தேக்கி வைப்பவர், அந்தக் கரைக்குக் கீழே குடியிருப்போருக்கு எந்த அளவுக்குக் கடமைப்பட்டவர் என்னும் கேள்வி, உடைமை உரிமைக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் இடையே எழும் பழைய வழக்குகளுள் ஒன்றாகும். பாசனத்துக்கோ குடிநீருக்கோ கட்டப்படும் ஏரியில் நன்மையும் ஆபத்தும் பெரும்பாலும் ஒரே மக்களைச் சேர்கின்றன. படகு விடவும் தூண்டில் போடவும் மட்டுமே பேணப்படும் ஏரியிலோ இன்பம் சிலருக்கும் ஆபத்து வேறு பலருக்கும் உரியவையாகப் பிரிந்துவிடுகின்றன. பேரணைகளுக்குப் பொறியாளரும் நிதியும் பதிவேடும் இருக்க, இத்தகைய சிற்றணைகள் பெரும்பாலும் உரிமையாளரின் நல்லெண்ணத்தை மட்டுமே காவலாகக் கொண்டு நிற்கின்றன.

மண் அணையின் இயல்பை அறியாமல் இக்கடமையின் அளவை அறிய இயலாது. இறுக்கிய மண்ணால் ஆன கரையில் நீர் ஓரளவு கசியவே செய்யும். ஆகவே கசிவைக் கண்டதும் அஞ்ச வேண்டியதில்லை, கசியும் நீரின் நிறத்தையே கவனிக்க வேண்டும். கரையின் அடியில் தெளிந்து ஊறும் நீர் கண்காணிப்புக்குரியது. கலங்கி வரும் நீரோ கரையின் உள்ளிருக்கும் மண்ணைத் துகள்துகளாக வெளியே கொண்டுவருகிறது. உள்ளரிப்பு எனப்படும் இச்செயல், பட்டுப்போன மரவேர் விட்டுச்சென்ற வெற்றிடத்தையோ, விலங்குகளின் வளையையோ, கைவிடப்பட்ட பழைய குழாயின் ஓரத்தையோ பற்றிக்கொண்டு, வெளிப்பார்வைக்குப் புல் போர்த்த கரை அப்படியே இருக்க, உள்ளே வழி அகழ்ந்துவிடும். மிகுநீரை வெளியேற்றும் கலிங்கு அடைபட்டால் வெள்ளம் கரைமேல் வழிந்து மண்ணை அறுத்துவிடும். இவற்றுள் பெரும்பாலானவை முன்கூட்டியே அடையாளம் காட்டுபவை என்பதே இவ்விவாதத்தின் அச்சாணி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர் உயரமே கொண்டது. மின்னாக்கத்துக்குப் பயன்பட்ட அதன் நீர்த்தேக்கம், 1957-இல் அப்பணி நின்றபின் பொழுதுபோக்கு ஏரியாகவே இருந்தது. 1977 நவம்பர் 6 அன்று, கனமழைக்குப் பின் நள்ளிரவு கடந்த வேளையில் அணை உடைந்து, கீழே இருந்த விவிலியக் கல்லூரி வளாகத்தில் 39 பேர் உயிரிழந்தனர். ஆய்வுக் குழுவால் தனியொரு காரணத்தை உறுதியாகச் சுட்ட முடியவில்லை. செங்குத்தான கீழ்ச்சரிவு நீரூறிச் சரிந்தமை உள்ளிட்ட பல குறைகள் சேர்ந்து செயற்பட்டிருக்கலாம் என்றே அது கருதியது. அந்தச் சரிவில் மண் சரிந்திருந்ததை 1973-இல் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று ஏற்கெனவே காட்டியிருந்தது.

இங்கே பேராசையோ தீய நோக்கமோ இல்லை. ஏரி கல்லூரிக்கே உரியது, மாண்டோரும் அதன் வளாகத்தாரே. அப்படியானால் அறியாமையால் நேர்ந்த இழப்புக்கு எவரையும் பழிக்கலாமா? அறிய வழியே இல்லாத அறியாமை வேறு, பார்க்கத் தவறியதால் விளையும் அறியாமை வேறு என்ற வேறுபாட்டில்தான் இதற்கு விடை உள்ளது. உயரத்தில் நீரைத் தேக்கி வைத்திருப்பவருக்கு, அந்தக் கரையைப் பார்ப்பதும், பார்த்ததன் பொருள் விளங்காதபோது விளங்கியவரை அழைப்பதும் கடமை. அக்கடமை நிறைவேறாத வரை 'தெரியாது' என்பது விளக்கமாகுமே அன்றி விடுதலையாகாது.

தெரிந்தும் தள்ளியதற்குப் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை சான்று. செல்வர்களின் மீன்பிடிக் கழகம் ஒன்று அதனை வாங்குமுன்பே நீர் வெளியேற்றும் இரும்புக் குழாய்கள் அகற்றப்பட்டிருந்தன. கழகமோ வண்டிப்பாதைக்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தி, மீன் தப்பாதிருக்கக் கலிங்கில் வலையும் பொருத்தியது. 1880-இல் கீழூர் இரும்பு நிறுவனத்தின் பொறியாளர் குறைகளைச் சுட்டினார், செலவில் பங்கேற்கவும் அந்நிறுவனம் முன்வந்தது, கழகம் இணங்கவில்லை. 1889 மே 31 அன்று அணை உடைந்து ஜான்ஸ்டவுன் பகுதியில் 2,209 பேர் மாண்டனர். நீதிமன்றம் எதுவும் கழகத்தைப் பொறுப்பாக்கவில்லை. ஆனால் தப்பினால் தீங்கு செய்யக்கூடியதைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் இழப்புக்குப் பொறுப்பாவார் என்னும் நெறியை, நீர்த்தேக்க வழக்கொன்றில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1868-இலேயே ஏற்றிருந்தது. இன்பத்தைத் தமதாக்கிக்கொண்டவர் ஆபத்தை மட்டும் ஊழின் கணக்கில் எழுதலாகாது என்பதே அந்நெறியின் அறக்கரு.

பழுதுபார்க்கும் செலவு சிறிய உரிமையாளரை நசுக்கிவிடும் என்ற மறுப்பைப் புறக்கணிக்க முடியாது. டொக்கோவா பேரிடருக்குப் பின் அதிபர் கார்ட்டரின் ஆணைப்படி ஆராயப்பட்ட, கூட்டரசுக்கு உரியதல்லாத ஏறத்தாழ 8,800 அணைகளுள் மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை எனக் கண்டறியப்பட்டது. இத்துணைப் பரந்த குறையைத் தனியாரின் மனச்சான்றுக்கே விட்டுவிட முடியாது, அரசின் ஆய்வும் கடனுதவியும் இன்றியமையாதவை. எனினும் நீர்மட்டத்தைத் தாழ்த்தவும், கரையை முறையாக வெட்டி ஏரியையே கைவிடவும் உரிமையாளருக்கு வழி உண்டு. பாசன ஏரியை வடித்தால் பயிர் வாடும். பொழுதுபோக்கு ஏரியை வடித்தால் இழப்பது ஓய்வுநாள் இன்பமே. அந்த இன்பத்துக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்க எந்த வறுமையும் நியாயமாகாது.

கீழே வாழ்வோருக்குத் தம் தலைக்கு மேலுள்ள கரையின் நிலையை அறியும் உரிமை உண்டு. 'உயர் தீங்கு' என்னும் வகைப்பாடு, உடைந்தால் உயிர்கள் போகும் என்பதைச் சொல்கிறதேயொழிய, கரை உறுதியானதா என்பதைச் சொல்வதில்லை. ஆதலால் ஆய்வறிக்கை அவர்கள் கைக்கும் போய்ச் சேர வேண்டும். அவர்கள் இசைவைக் கேளாமலே அவர்கள்மேல் ஆபத்தைச் சுமத்தியவர், கரையை ஆண்டுதோறும் ஆராய்வதையும் ஆய்வின் முடிவை மறைக்காமல் சொல்வதையும் சலுகையாகக் கருதாமல், தாம் பட்ட கடனாகவே செலுத்த வேண்டும். அதைச் செலுத்த மனமோ வசதியோ இல்லாதவருக்கு நீரைத் தேக்கும் உரிமையும் இல்லை.