அஞ்சறைப் பெட்டியும் பரணும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியில் நிற்பது பொருள் வரைதல். அதனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நிலம், பொன், வாணிகம் ஆகியவற்றையே எடுத்துரைப்பர். நாள்தோறும் நம் கை திறந்து மூடும் சுவரலமாரியையும், தலைக்குமேல் இருக்கும் பரணையும் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும் இக்காலத்து நடுத்தரக் குடும்பத்தின் பொருட்பற்று அவ்விரண்டு இடங்களிலும் மிகுதியாகவே குடிகொண்டிருக்கின்றது. ஆதலின், வீட்டை அழகுற அமைத்துப் பொருள்களை இடமறிந்து அடுக்கி வைக்கும் கலை அறத்திற்குத் துணையாகுமா, அன்றி ஆசைக்குத் திரையாகுமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஓசூர் வீடுகள்

இவ்வினா கூர்மையாக எழும் இடங்களுள் ஓசூர் ஒன்று. கர்நாடக எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரில் 1970-களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்தது. அதன்பின் லாரியும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் உருவாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் பணியின் பொருட்டு மக்கள் இங்குக் குடிபெயர்ந்தனர்.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் ஆகிய பகுதிகளில் நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளை நினைவு கூர்வோம். திண்ணை உண்டு, முற்றம் உண்டு, நெல்லுக்குக் குதிர் உண்டு, விளக்குக்கு மாடக்குழி உண்டு, துணிக்கு ஒரு கொடி உண்டு. அவ்வீடுகளிலிருந்து வந்தவர்கள் இன்று தொழில் நகரத்தில் இரண்டு அல்லது மூன்று அறைகளில் வாழ்கின்றனர். இடம் சுருங்கிற்று, பொருளோ பெருகிற்று. இவ்விரண்டுக்கும் இடையே பிறந்ததே அடுக்கும் கலை. கட்டிலுக்கு அடியில் இழுப்பறை, கூரையைத் தொடும் அலமாரி, மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மேசை என்று அது பலவாக விரிகின்றது.

இக்கலைக்குப் பெயர்பெற்ற நாடு சுவீடன். 1943-இல் அங்குத் தொடங்கப்பெற்ற ஐகியா நிறுவனம் 2018-இல் ஐதராபாத்திலும் 2022-இல் பெங்களூர் நாகசந்திராவிலும் தன் பெருங்கடைகளைத் திறந்தது. பெங்களூர் நகரைக் கடந்து சென்று அக்கடையைக் கண்டு வருவது ஓசூர்க் குடும்பங்களுக்கு ஒரு நாட்பயணமே. அங்கு முழு அறைகளையே அமைத்துக் காட்டியுள்ளனர். நிழல் விளக்கும் கம்பளமும் மர அலமாரியும் கண்ணைக் கவரும்படி உள்ளன. கண்டு திரும்புவோர் தம் வீட்டை நோக்கும்போது அஃது முன்னையினும் சிறிதாகத் தோன்றுகின்றது.

சுவீடன் நாட்டார் எண்ணியது யாது?

அந்நாட்டு வீட்டழகின் தோற்றுவாய் கடைகளில் இல்லை. டிசம்பர் மாதத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 6 மணி நேரமே உண்டு. நெடிய இருளில் வீட்டுக்குள்ளேயே வாழ வேண்டியிருந்தமையால் அவர்கள் வீட்டின் உள்ளிடத்தைக் கருத்துடன் அமைக்கக் கற்றனர். கார்ல் லார்சன் என்னும் ஓவியர் சுண்ட்போர்ன் என்ற சிற்றூரில் இருந்த தம் வீட்டை நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டி 1899-இல் நூலாக வெளியிட்டார். அவ்வோவியங்களில் காணும் விரிப்புகளையும் திரைகளையும் தம் கையால் நெய்தவர் அவருடைய மனைவி கரின். அதே 1899-இல் எல்லென் கே என்னும் அம்மையார், அழகு செல்வர்க்கு மட்டும் உரியதன்று, எல்லார்க்கும் உரியது என்னும் கருத்தை நூலாக்கினார். பொருள் தன் பயனை நன்கு நிறைவேற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆகவே அந்நாட்டு வீட்டின் தனித்தன்மை முதலில் வீட்டாரின் உழைப்பிலிருந்தே தோன்றிற்று. நம் வாயிற்கோலமும் அத்தகையதே. அதற்குச் செலவு ஒரு பிடி மாவு. ஆயினும் கோலத்தைக் கண்டே இஃது இன்னார் வீடு என்று தெருவினர் அறிவர். வீட்டை அழகுபடுத்துதலே பற்றாகும் என்று கருத வேண்டுவதில்லை. எனில், குற்றம் எங்கே புகுகின்றது?

பற்றும் எண்ணிக்கையும்

உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம், பரிக்கிரகம் என்பது மூர்ச்சையே என்று வரையறுக்கின்றது. 'எனது' என்னும் மயக்கமே அந்த மூர்ச்சை. பொருள் புறத்தே உள்ளது. பற்று அகத்தே உள்ளது. பரத சக்கரவர்த்தி பேரரசை ஆண்டும் பற்றற்றிருந்தார் என்று புராணம் கூறும். ஒன்றும் இல்லாதவன் உள்ளத்தில் உலகளவு ஆசை இருத்தலும் கூடும்.

இவ்வரையறையைத் தமக்குச் சாதகமாகக் கொள்வாரும் உளர். 'எம் வீட்டில் பொருள் நிறைய உண்டு. ஆனால் எமக்குப் பற்று இல்லை' என்பர் அவர். இவ்வாறு கூறுதல் எளிது, மெய்ப்பித்தல் அரிது. தன் உள்ளத்துக்குத் தானே சாட்சி சொல்வதில் மனிதன் நம்பத்தக்கவன் அல்லன். இக்காரணம் பற்றியே போலும், பற்றினை அகத்தில் வைத்து வரையறுத்த அந்நூலே, இல்லறத்தானின் விரதத்தைப் புறத்தில் எண்ணிக்கையாக வைத்தது. நிலமும் வீடும், வெள்ளியும் பொன்னும், கால்நடையும் தானியமும், பணியாட்கள், ஆடை பாத்திரம் முதலியன ஆகிய இவற்றில் தான் வகுத்துக்கொண்ட அளவை மீறுதலே அவ்விரதத்தின் குற்றம் என்றது. பரிமாணம் என்றால் அளவு. அளக்க வேண்டுமானால் எண்ண வேண்டும். எண்ண வேண்டுமானால் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இங்கேதான் அடுக்கும் கலை அறத்தோடு மோதுகின்றது. திறமையாக அமைந்த அலமாரி நூறு பொருளைப் பத்துப் பொருளாகத் தோன்றச் செய்யும். அறை காலியாக இருக்கும், இழுப்பறை நிறைந்திருக்கும். விருந்தினர் கண்டு 'எளிமையான வீடு' என்பர். வீட்டாரும் நாளடைவில் அதனை நம்புவர். வெளிப்படையாகக் குவிந்து கிடக்கும் பொருள் உடையவனை உறுத்தும். மறைந்து கிடக்கும் பொருள் உறுத்தாது. உறுத்தல் நீங்கிய இடத்தில் விரதம் மெல்ல உறங்கிவிடுகின்றது.

மாறாக, பெரிய மாளிகையிலும் அளவு காத்தல் இயலும் என்பதற்கு ஓசூர் மண்ணிலேயே சான்று உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி, 1948-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். வைசிராய்களுக்கெனக் கட்டப்பெற்ற, 340 அறைகள் கொண்ட மாளிகை அவருக்கு உறைவிடமாயிற்று. வைசிராய் தங்கிய ஆடம்பரப் பகுதியில் அவர் குடிபுகவில்லை. சில அறைகளையே தமக்கெனக் கொண்டார். அப்பெரும் பகுதி விருந்தினர்க்கு உரியதாயிற்று. இடம் இருந்தும் நிரப்பாதிருத்தலே அளவு.

எடுத்தலும் வைத்தலும்

அளவை எவ்வாறு அறிவது? துறவறத்தார்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி ஒன்று. எப்பொருளையும் உயிர்க்கு ஊறு நேராவண்ணம் நோக்கி எடுத்தலும் நோக்கி வைத்தலும் அதன் இலக்கணம். திகம்பர முனிவர் தம்பால் உள்ள மயிற்பீலியால் மெல்ல நீவிய பின்னரே கமண்டலத்தையும் சாஸ்திரத்தையும் எடுப்பார், வைப்பார். அகிம்சையை உறுதிப்படுத்தும் பாவனைகளுள்ளும் இது வைத்து எண்ணப்பட்டுள்ளது. ஆதலின் இல்லறத்தாரும் இதனைத் தம் நிலைக்கேற்பக் கைக்கொள்ளலாம். நாம் நோக்கி எடுத்து, நோக்கி வைக்க இயலும் அளவே நமக்குரிய பொருளின் அளவு. நம் கையும் கண்ணும் துடைக்கும் துணியும் சென்று சேராத பொருள் அளவுக்கு மிஞ்சிய பொருளாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் வீட்டின் இரண்டு பழைய அமைப்புகளை ஒப்பிடுவோம். அஞ்சறைப் பெட்டி சிறந்த சேமிப்புக் கலை. கடுகும் சீரகமும் மிளகும் வெந்தயமும் தத்தம் அறையில் உள்ளன. மூடியைத் திறந்ததும் எல்லாம் ஒருசேரத் தெரியும். நாள்தோறும் எடுக்கப்படும், தீர்ந்தால் நிரப்பப்படும், அறைக்கு மேல் கொள்ளாது. பரண் அவ்வாறன்று. பரணில் ஏறிய பொருள் எளிதில் இறங்குவதில்லை. உடைந்த நாற்காலியும் ஓடாத மின்விசிறியும் வந்த பொருளின் அட்டைப்பெட்டியும் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. புதிய முறை அலமாரிகள் எத்துணை அழகாயினும், அவை அஞ்சறைப் பெட்டியாக இருக்கின்றனவா, கதவிட்ட பரணாக இருக்கின்றனவா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஓசூர் ஆலைகளில் பணிபுரிவோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஜப்பானியர் வகுத்த 'ஃபைவ் எஸ்' என்னும் பணியிட ஒழுங்கு தொழிற்சாலைகளில் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றது. டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002-இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது, அத்தகைய ஒழுங்குமுறைகள் இம்மண்ணில் ஊன்றியமைக்குச் சான்று. அவ்வைந்தனுள் முதற்படி, வேண்டாதவற்றைப் பிரித்து நீக்குதல்; இரண்டாம் படியே, எஞ்சியவற்றை இடமறிந்து வைத்தல். ஆலையில் இவ்வரிசையைத் தவறாது காக்கும் நாம், வீட்டில் முதற்படியை விடுத்து இரண்டாம் படியிலிருந்து தொடங்குகின்றோம். நீக்காமல் அடுக்குகின்றோம், இடம் போதாதபோது இன்னுமோர் அலமாரி தவணையில் வாங்குகின்றோம். தவணைக்காக மிகைநேரப் பணியும் ஏற்கின்றோம்.

மறைவிடத்தின் விளைவுகள்

இதன் விளைவுகள் மூன்று. முதலாவது இம்சை. அசைக்கப்படாத பொருள்களினிடையே கரையான் முதலிய மூவறிவுயிர்களும் அந்துப்பூச்சி முதலிய நாலறிவுயிர்களும் பெருகுகின்றன. பின்னர் நச்சு மருந்து அடிக்கின்றோம். நீரை வடிகட்டிப் பருகும் குடும்பம், தான் மறந்துவிட்ட ஒரு மூட்டையின் பொருட்டு எண்ணற்ற உயிர்களைக் கொல்ல நேர்கின்றது.

இரண்டாவது, வியப்பு. சமந்தபத்திராசாரியார் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் பொருள் வரைதலின் குற்றங்களாக மிகையாகச் செலுத்துதல், மிகையாகச் சேர்த்தல், வியத்தல், பேராசை, மிகைப்பாரம் ஏற்றுதல் என ஐந்தினைக் கூறினார். பிறர் பெற்றதைக் கண்டு வியந்து உள்ளம் வாடுதலும் இங்குக் குற்றமாக எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. கடையில் அமைத்துக் காட்டிய அறையைக் கண்டு தன் வீட்டை இகழ்பவர், ஒரு பொருளும் வாங்காமலே இக்குற்றத்துக்கு ஆளாகின்றார்.

மூன்றாவதே மிகவும் வருந்தத்தக்கது. ஊரிலிருந்து முதிய பெற்றோர் மகன் வீட்டுக்கு வருகின்றனர். அவர்களுக்குக் கட்டில் போடுவதற்கு இடம் இல்லை. ஏனெனில் அவ்வறையில் பெட்டிகள் உள்ளன. பொருளுக்கு இடம் கொடுத்து மனிதர்க்கு இடம் மறுக்கும் வீட்டில், அதிதிக்குப் பகுத்தளிக்கும் விரதம் எவ்வாறு நிலைபெறும்? சேமிப்பறையின் வாடகை நம் பெற்றோரின் வசதியிலிருந்து செலுத்தப்படுகின்றது.

'பரணில் கிடந்த சுவடிகளன்றோ நம் இலக்கியங்களைக் காத்தன?' என்று வினவலாம். தக்க வினாவே. 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க, சுவடிகளும் சமணச் சான்றோரின் விளக்கமும் துணை நின்றன. ஆயினும் பனையோலை, வைத்த இடத்திலேயே கிடந்தால் பூச்சிக்கு இரையாகும். தலைமுறைதோறும் எடுத்துப் படித்தமையாலும், படியெடுத்துச் சாஸ்திர தானமாக வழங்கியமையாலும் அந்நூல் வாழ்ந்தது. கட்டி வைத்து மறந்த சுவடிகள் மண்ணாயின.

செயற்குரியது

சுவீடன் நாட்டாரிடம் பிறிதொரு நல்வழக்கம் உண்டு. முதுமையில், தாம் இறந்தபின் மக்கள் துன்புறாவண்ணம், தம் உடைமைகளைத் தாமே பிரித்து உரியவர்க்குக் கொடுத்துவிடுவர். மார்கரெத்தா மாக்னுசன் என்னும் ஓவியர் 2017-இல் இது குறித்து எழுதிய நூல் பல நாடுகளிலும் பரவிற்று. நமக்கோ முதுமை வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தசலட்சண பருவம் வருகின்றது. அதன் எட்டாம் நாள் உத்தம தியாகத்துக்கும் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்துக்கும் உரியன.

எட்டாம் நாளில் குடும்பத்தார் அனைவரும் கூடிப் பரணையும் அலமாரியையும் திறப்போமாக. உயிர்க்கு ஊறின்றி ஒவ்வொன்றையும் நோக்கி எடுப்போம். ஓராண்டாகக் கைபடாதவற்றுள் ஆடையையும் பாத்திரத்தையும் வேண்டுவோர்க்கும், நூல்களைப் படிப்போர்க்கும் வழங்குவோம். ஒன்பதாம் நாளில் எஞ்சியவற்றை எண்ணி, இவ்வளவே எமக்குப் போதும் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். புதியதொன்று வாங்க எண்ணும்போது அவ்வேட்டை எடுத்துப் பார்ப்போம். எஞ்சியவற்றை எத்துணை அழகாக அடுக்கினாலும் அதில் குற்றமில்லை.

ரத்னகரண்டகம் என்பதற்கு மணிகள் வைக்கும் பேழை என்று பொருள். அதன் வழித் தமிழில் எழுந்த நூலும் அருங்கலச் செப்பு என்றே பெயர் பெற்றது. செப்பு என்பதும் சிறுபேழையே. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மூன்று மணிகளை வைக்க நம் முன்னோர்க்கு ஒரு சிறு செப்புப் போதுமாயிருந்தது. நம் வீட்டிலும் அதற்கு ஓரிடம் ஒழித்து வைப்போமாக.