காணிக்கை கேட்காத அருங்காட்சியகம்

நவராத்திரி பிறந்துவிட்டால் தென்கோடி ஊர்களில் காளி வீடு வீடாகக் காணிக்கைக்கு வருவாள். சிவப்புச் சேலை, சடைமுடி, கிரீடம், முதுகில் கட்டிய மரக்கைகள். அவளுக்குப் பின்னால் குறவன், குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ்காரர், ராஜா. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, விரதம் இருந்து வேஷம் கட்டியவர்கள் இவர்கள். நேற்றுவரை ‘ஏலே’ என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பையனை ‘தாயே’ என்று கும்பிட்டுத் திருநீறு வாங்குகிறாள் ஒரு பாட்டி. வசதியான வியாபாரியும் கையேந்துகிறார், கூலி வேலைக்குப் போகிறவரும் கையேந்துகிறார். சொந்தப் பணத்தை உண்டியலில் போட்டால் இந்த நேர்ச்சை தீராது. பிறரிடம் கேட்டு வாங்கியதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

தசரா எனப்படும் இந்தத் திருவிழாவின் பத்தாம் நாள் இரவு, சிதம்பரேஸ்வரர் கோயிலுக்கு எதிரே உள்ள கடற்கரையில் மகிஷாசூரனை அம்மன் வதம் செய்கிறாள். கடற்கரை கொள்ளாத கூட்டம். கதை எல்லோருக்கும் தெரியும், முடிவும் தெரியும். ஆனாலும் லாரியிலும் வேனிலும் வந்து, மணலில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வேஷம் கட்டாதவர்களும் பத்து ரூபாயோ ஒரு படி அரிசியோ போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே ஏதோ ஒன்று அந்தக் கடற்கரைக்கு முன்னதாகப் போய்விட்டது. அதைத் தொடர்ந்துதான் மனிதர்கள் போகிறார்கள்.

இதை நமது அருங்காட்சியகங்களோடு வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போகிறார்கள், ‘தொடாதே’ என்ற அதட்டலைக் கேட்டபடி வரிசையாக வெளியே வருகிறார்கள். திறப்பு விழாவுக்குப் பொன்னாடைகள் வருகின்றன. மே 18 உலக அருங்காட்சியக நாள், நவம்பரில் உலகப் பாரம்பரிய வாரம் என்று காலண்டர் நினைவூட்டினால் கட்டுரைப் போட்டியும் புகைப்படக் கண்காட்சியும் நடக்கும். மறுநாள் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிடுவார்கள். மக்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அது நியாயமான புகார் இல்லை. விடிய விடியக் கடற்கரையில் நிற்கத் தெரிந்த அதே மக்கள்தான் கண்ணாடிப் பெட்டிக்கு முன் அரை நிமிடம்கூட நிற்காமல் நகர்கிறார்கள். அங்கே அவர்கள் கொடுத்தது எதுவும் இல்லை.

தாமிரபரணிக் கரையின் பழம்பொருட்கள் ஊரை விட்டுப் போன கதை நூற்றைம்பது ஆண்டுப் பழையது. 1876-ல் ஜெர்மானியர் யாகோர் ஆதிச்சநல்லூர் மேட்டைத் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அடுத்து தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ வந்தார். 1899 முதல் 1905 வரை அவர் எடுத்த வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ரீ கவனமாகப் பட்டியல் போட்டவர். அவர் இல்லாவிட்டால் அவற்றில் எத்தனையோ பொருட்கள் உருக்குச் சட்டிக்குப் போயிருக்கலாம். அந்த நன்றி நமக்கு வேண்டும். ஆனால் ஊருக்கு மிஞ்சியது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. உலகம் அறிந்த ஆதிச்சநல்லூரும், பஸ் ஏறிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஆதிச்சநல்லூரும் வேறு வேறு ஊர்களாகிவிட்டன.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளைப் புதைத்த இடத்திலேயே பார்க்க வழி செய்திருக்கிறார்கள். 2021-ல் அறிவிக்கப்பட்ட பொருநை அருங்காட்சியகம், நெல்லைக்கு அருகே ரெட்டியார்பட்டியில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றின் கதையையும் ஒரே இடத்தில் சொல்ல எழுந்தது. நல்ல காரியங்கள். பொருளை அது கிடைத்த மண்ணின் அருகிலேயே வைப்பது பழைய கணக்கைக் கொஞ்சம் நேர் செய்வதுதான். ஆனால் பொருள் ஊருக்கு வந்துவிட்டதாலேயே ஊருடையதாகிவிடுமா?

அந்தக் கண்ணாடிக்குக் கீழே இருப்பவை எப்படி அங்கே வந்தன என்று யோசித்தால் விடையின் ஒரு நுனி அகப்படுகிறது. அவை எவரும் தொலைத்தவை அல்ல, மறந்து விட்டுப்போனவையும் அல்ல. இறந்தவருக்கு உயிரோடிருந்தவர்கள் கொடுத்தவை. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. ஆய்வகம் அதன் காலத்தை கி.மு. 1155 என்று கணித்தது. நமக்கு அது ஒரு காலக்குறிப்பு. வைத்தவருக்கு அது போகிற உயிருக்குக் கட்டிக்கொடுத்த சோறு. இரும்பு அருமையாக இருந்த காலத்தில் ஒரு வாளைத் தாழியோடு புதைக்க எத்தனை மனது வேண்டும்! வீட்டுக்கு உதவுகிற ஒன்றை மண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுக்குப் பிறகு நாம் வரிசையில் நின்று பார்ப்பது அவர்களுடைய காணிக்கையை. பொருளின் பெயர், உலோகம், காலம், கிடைத்த குழி எல்லாம் அட்டையில் இருக்கும். கொடுத்தவள் தாயா மகளா என்பதை மட்டும் எந்த அட்டையாலும் சொல்ல முடியாது.

குலசேகரன்பட்டினத்துக்கு அருங்காட்சியகம் வேண்டும் என்று யாராவது கேட்டால், ‘அதான் தசரா இருக்கே’ என்று பதில் வரலாம். ஆனால் திருவிழா எல்லாவற்றையும் சுமக்காது. அது தெய்வத்தை நினைவில் வைக்கும், ரயிலை வைக்காது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரி கம்பெனி இங்கே சர்க்கரை ஆலை நடத்தியது, பனங்கருப்பட்டியிலிருந்து. அந்த ஆலையை ஒட்டி, திருச்செந்தூரிலிருந்து இந்த ஊர் வழியாகத் திசையன்விளை வரை ஒரு குட்டி ரயில் ஓடியது. ஆலையும் போயிற்று, தண்டவாளமும் போயிற்று. 1942 ஆகஸ்ட் புரட்சியின்போது இங்குள்ள உப்பளத்தில் லோன் என்ற ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். குலசேகரன்பட்டினம் சதி வழக்கில் காசிராஜனும் ராஜகோபாலனும் தூக்குத் தண்டனை பெற்று, பின்பு உயிர் தப்பினார்கள். அதற்கும் மிக முன்னால், சுற்றுவட்டாரச் சிவந்த தேரிக்காட்டில் சிறு கல்லாயுதங்களைக் கொண்டு வேட்டையாடிய மனிதர்கள் இருந்தார்கள். அந்தத் தேரிக் கற்களைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-ல் எழுதினார்கள். இவற்றில் எதற்கும் கொடியேற்றம் கிடையாது. இவற்றுக்காகத்தான் அருங்காட்சியகம் வேண்டும்.

அதை எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் தசராவிடம் கற்கலாம். கட்டடத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் தேடாமல், வாசல் வாசலாகப் போய்க் கேட்கத் தொடங்கலாம். பனையேறியவரின் வீட்டில் பாளை அருவாளும் அருவாப்பெட்டியும் பரணில் கிடக்கும். உப்பளத்தில் வேலை செய்தவர் வீட்டில் உப்பு வாரும் பலகை. யாரோ ஒருவர் வீட்டில் கொழும்பிலிருந்து வந்த பழைய கடிதக் கட்டு. எதுவும் இல்லாத வீட்டில், அந்த ரயிலைப் பற்றித் தாத்தா சொன்ன ஒரு கதை. அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அறிஞர்கள் தயங்குவார்கள், காரணத்தோடுதான். கொடுத்ததெல்லாம் வாங்கினால் பித்தளைக் குத்துவிளக்கும் பழைய ரேடியோவும் அறையை அடைத்துக்கொள்ளும். குடும்பப் பெருமை வரலாறு என்று வேஷம் கட்டி வந்து நிற்கும். உண்மைதான். இது என்ன, எந்தக் காலத்தது, சொல்லும் கதை நிற்குமா என்று உரசிப் பார்க்க அறிந்தவர் வேண்டும். இன்னொரு சங்கடம், யாருடைய வாசல் என்பது. தசரா குழு எல்லா வாசலுக்கும் போவதில்லை. அருங்காட்சியகம் போயே ஆக வேண்டும். பள்ளிவாசல் தெருவுக்கும், மணப்பாட்டுக் கடற்கரைத் தேவாலயத்துப் பக்கமும், பேச எவரும் இதுவரை போகாத தெருக்களுக்கும். 1942-ஐச் சொல்லும்போது சிறை சென்றவர் வீட்டையும் கேட்க வேண்டும். கொல்லப்பட்டவருக்கும் ஒரு வீடு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பக்தி கேட்காத இந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் அருங்காட்சியகத்தின் விரதம்.

அப்படிச் சேர்ந்த இடத்தில் விழா தானாக அமையும். மேடையும் ரிப்பனும் வேண்டாம். அருவாப்பெட்டியைக் கொடுத்தவர் அதன் அருகில் உட்கார்ந்து, பாளை சீவுவது எப்படி என்று பேரப்பிள்ளை வயதுடையவர்களுக்குச் சொல்கிற ஒரு பிற்பகல் போதும். அவரைப் பார்க்க அவர் தெரு வரும். தன் வீட்டில் கிடப்பதும் பொருள்தானே என்று அடுத்தவருக்கு உறைக்கும்.

இதற்கு அவசரமும் வந்திருக்கிறது. இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்குக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. இங்கிருந்து நேராகத் தெற்கே கடலின் மேல் போகலாம் என்பதால் எரிபொருள் மிச்சம். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய லாபம். இதற்காக எடுக்கப்பட்ட நிலம் 2,000 ஏக்கருக்கு மேல். அதில் பனை நின்றது, மனிதர்கள் உழுதார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளூரில் ஒரு பெயர் இருந்தது. பட்டாவில் சர்வே எண் இருக்கும், அந்தப் பெயர்கள் இராது. முதல் ராக்கெட் கிளம்பும் நாளில் நாடு முழுவதும் அண்ணாந்து பார்க்கும். அந்த நெருப்புக்குக் கீழே கிடப்பது யார் கொடுத்த மண் என்பது எங்காவது எழுதி வைக்கப்பட்டிருந்தால், உள்ளூர்க்காரன் வேடிக்கை பார்க்க வந்தவனாக நிற்க மாட்டான், பங்குதாரனாக நிற்பான். எழுதப்படாவிட்டால் ஆதிச்சநல்லூரின் கதைதான் மீண்டும். புகழ் ஓரிடத்தில், ஊர் வேறிடத்தில்.

முன்னோர் விட்டுப்போனதைப் பெற்றுக்கொண்டாலே வாரிசு ஆகிவிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் மரபைக் காட்டிக்கொண்டே இருக்கிறோம், இவ்வளவு காட்டியும் ஏன் காப்பாற்ற ஆளில்லை என்று வியக்கிறோம். பெறுவதில் யாருக்கும் வலி இல்லை. வலி இல்லாத இடத்தில் பொறுப்பும் பிறப்பதில்லை. காட்டியதை மனிதன் பார்ப்பான், புகழ்வான், கடந்து போவான். தான் கொடுத்ததைத்தான் திரும்பி வந்து பார்ப்பான், தூசு தட்டுவான், யாராவது உடைத்தால் சண்டைக்கு நிற்பான். தாழிக்குள் நெல் வைத்த கைக்கு இது தெரிந்திருந்தது. பழையதோடு தன் பங்கையும் சேர்த்து வைக்கிறவனே அதற்கு வாரிசு. மற்றவர்கள் எல்லோரும், எத்தனை தலைமுறை அந்த மண்ணில் வாழ்ந்திருந்தாலும், டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள்தாம்.