காவலும் கண்காணிப்பும்

மக்கள் கூடும் இடத்தைக் காப்பது அரசின் கடமை. அக்கடமையின் பெயரால் மக்களையே வேவு பார்க்கும் உரிமை அரசுக்கு உண்டா? ஆளில்லா வானூர்தியாகிய ட்ரோன் நம் தலைக்கு மேல் பறக்கத் தொடங்கிய பின்னர், இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிட இயலாது.

மாம்புரிக்கு அண்மையில், அதே கடற்கரையில் அமைந்துள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை எண்ணிப் பார்ப்போம். ஓகஸ்ட் மாதத் திருவிழாவில் தமிழரும் சிங்களவருமாகப் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். அக்கூட்டத்தின் மேல் வெடிபொருள் ஏந்திய ட்ரோன் ஒன்று வருமாயின் என் செய்வது? இது வீண் அச்சமன்று. 2018 ஓகஸ்டில் வெனிசுவேலாவின் தலைநகர் கரக்காசில், சனாதிபதி உரையாற்றிய இராணுவ அணிவகுப்பின் மீது அத்தகைய ட்ரோன்கள் ஏவப்பட்டன. ட்ரோனை இயக்கும் வானொலி அலைகளைக் குழப்பி அதனைத் தடுக்கலாம். ஆனால் தடுக்கப்பட்ட பொறி கூட்டத்தின் மேலேயே விழவும் கூடும். ஆகவே முன்கூட்டியே அறிந்து, கூட்டத்துக்கு அப்பாலேயே தடுப்பதுதான் மெய்யான காவல்.

முன்கூட்டியே அறிந்தால் மட்டும் போதுமா? 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு வழிபாட்டில் இருந்தோர் உட்பட 250க்கும் மேற்பட்டோர் நம் நாட்டில் மாண்டனர். கொலையாளிகள் நிலவழியே வந்தனர். சில நாட்களில் ட்ரோன்கள் பறப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆயின், தாக்குதல் பற்றிய எச்சரிக்கை முன்னரே அதிகாரிகளின் கைக்கு எட்டியிருந்தது. அதன் மேல் செயற்படத் தவறியமைக்காக முன்னாள் சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று குறைவாயிருந்தது செய்தியன்று, பொறுப்புணர்ச்சியே. பொறுப்பற்ற கைகளில் மேலும் ஆயிரம் கண்களைக் கொடுத்து என்ன பயன்?

பயனின்மையோடு அது நிற்பதுமில்லை. 2024 பெப்ரவரியில் தில்லி நோக்கிப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகள் மீது, சம்பு எல்லையில் ஹரியானாப் பொலிஸார் ட்ரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினர். விவசாயிகளோ பட்டம் விட்டு அவற்றைத் தடுக்க முயன்றனர். பொதுக்கூட்டத்துக்குப் பகையான ட்ரோன் அங்கே யாருடையது?

“குற்றமற்றவனுக்கு அச்சமேன்?” என்பார் உளர். சம்பள உயர்வு கேட்டு வீதியில் இறங்கும் ஆசிரியர் குற்றவாளியல்லர். கடலுக்கான உரிமை கேட்கும் மாம்புரி மீனவரும் குற்றவாளியல்லர். எனினும் தம் முகம் பதிவாகி எங்கோ சேமிக்கப்படுகிறது என்று அறிந்தால், அடுத்த ஊர்வலத்துக்கு வருமுன் அவர்கள் தயங்குவார்கள். தடையுத்தரவின்றியே கூட்டம் கலைந்துவிடும்.

காவல் வேண்டும். அது மக்களுக்குப் பதில் சொல்லும் காவலாக இருத்தல் வேண்டும். ட்ரோனைப் பறக்கவிட ஆணையிட்டவர் யார், எடுத்த படங்கள் எந்நாளில் அழிக்கப்படும், தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றைச் சட்டம் தெளிவாகச் சொல்லட்டும். கூட்டத்தின் மேல் ஆயுதம் ஏந்திய ட்ரோன் பறத்தலாகாது என்றும் அது விதிக்கட்டும். இவற்றை அடுத்த திருவிழாவுக்கும் அடுத்த வேலைநிறுத்தத்துக்கும் முன்னரே கேட்பது, ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் கடமை.