மூக்குவார்

குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் கிடக்கும். மெல்லிய தோல், அதன் கீழே உடனே எலும்பு. ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கை ஒரு பத்து வயதுப் பிள்ளை நிறுத்த முடிவது பெரும்பாலும் அந்த இடம் நோகும் என்பதால்தான்.

மகள் மெல்பேணில் குதிரையேற்றம் பழகத் தொடங்கியபின் வேலியோரம் நின்று நான் அறிந்துகொண்டவை இவை. இளங்குதிரை தலையை உதறும், நாக்கை இரும்புக்கு மேலே தூக்கிப் போடும், வாயைப் பிளக்கும். கெட்ட பழக்கம் என்பார்கள். குதிரைக்குப் பால்பற்கள் 24. ஏறக்குறைய இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை அவை விழுந்து முளைக்கின்றன. சவாரிக்குப் பழக்கத் தொடங்குவதும் அந்த வயதில்தான். பந்தயக் குதிரை என்றால் அதற்கும் முன்பே. பல் விழும் வாயில் இரும்பை வைத்துவிட்டு, ஏன் தலையை ஆட்டுகிறாய் என்று கோபிப்பதில் என்ன நியாயம்? விபரம் தெரிந்தவர் முதலில் பல்லைப் பார்க்க ஆள் கூப்பிடுவார். அவசரக்காரர் மூக்கையும் தாடையையும் சுற்றிக் கட்டும் மூக்குவாரை இன்னும் ஒரு துளை இறுக்குவார். வாய் மூடிவிடும். குதிரை திருந்தியதுபோலத் தெரியும்.

சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பால் மக்கிரீவியும் சகாக்களும் இதை அளந்து பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், வார் இறுக்கப்பட்ட குதிரைகளின் கண் வெப்பநிலை ஏறியிருந்தது. உடல் நெருக்கடியில் இருப்பதன் அடையாளம் அது. 2025இல் சர்வதேசப் போட்டிகளுக்கு மூக்குவாரை அளக்க ஒரு கருவியும் வந்துவிட்டது.

அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. (மாட்டிடம் யாரும் கேட்கவில்லை.) ஆனால் குதிரை படிவது இழுக்கும்போது அல்ல. வாரை மெதுவாக இழுக்கிறோம்; குதிரை ஓரடி பின்வைக்கிறது; அந்தக் கணமே கையை விடவேண்டும். விட்டதைத்தான் அது ஞாபகம் வைக்கிறது. பிந்தி விடும் கைக்குக் குதிரை எதிர்த்து இழுக்கப் பழகும், அல்லது வாய் மரத்துப்போகும்.

இதை விளங்கப்படுத்தியபோது மகள் கேட்டாள்: "அப்ப அது விருப்பத்தோட நிக்குதோ, வேற வழியில்லாம நிக்குதோ?"

விருப்பம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நோவைத் தொடங்கியதே நாங்கள். அதை நிறுத்துவதை வெகுமதி என்பது கொஞ்சம் வெட்கங்கெட்ட கணக்குத்தான். என்றாலும் இரண்டும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். விடத் தெரிந்த கை குதிரையின் பதிலுக்குக் காத்திருக்கிறது. இறுக்கிய வார் பதிலே வராமல் பார்த்துக்கொள்கிறது. வாய் பிளக்க முடிகிற குதிரையிடம்தான் நோகிறதா என்று கேட்கலாம்.

அப்படியானால் கடிவாளமே வேண்டாமே என்பாள் அடுத்ததாக. நெடுந்தீவில் அப்படித்தான் திரிகின்றன, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை என்று சொல்லப்படும் கட்டாக்காலிக் குதிரைகள். வாயில் இரும்பில்லை. கோடையில் தண்ணீருக்கு அலைகின்றன. அவற்றைச் சுதந்திரமானவை என்று படம் பிடித்துப் போடுகிறவர்கள் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதில்லை.

மகள் சவாரியை விடவில்லை. மூக்கெலும்பின்மேல் பெரியவர் ஒருவரின் இரண்டு விரல் நுழையவேண்டும் என்பது பழைய விதி. அவளுடைய விரல்கள் சின்னன் என்பதால் ஏறமுன் என்னைக் கூப்பிடுகிறாள்.