நடுவில் பெருத்த பிரமிடு

மக்கள்தொகைப் பிரமிடுக்குப் பாடப்புத்தகம் ஒரு வாய்ப்பாடு தருகிறது. இடப்பக்கம் ஆண், வலப்பக்கம் பெண், ஐந்தைந்து வயதுக்கு ஒரு பட்டை. அடி அகன்றிருந்தால் பிறப்பு அதிகம், குறுகியிருந்தால் குறைவு. தேர்வுக்கு இது போதும். சென்னைப் புறநகரான அம்பத்தூருக்குப் போதாது.

*

நாடு முழுவதற்கும் வரையும்போது வருவோர் போவோர் கணக்கு சிறியது. புறநகரில் அதுதான் பெரிது. 2001இல் மூன்று லட்சம் சொச்சம் பேர் இருந்த அம்பத்தூரில் 2011இல் நாலரை லட்சத்துக்கு மேல். பிறப்பு மட்டுமே பத்தாண்டில் ஓர் ஊரை ஒன்றரை மடங்காக்கிவிடாது. பிழைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பதுக்குள் வருகிறார்கள். பிரமிடின் இடுப்பு பெருக்கிறது.

*

1961இல் பக்கத்து ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை; 1964இல் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட். அன்று வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் பத்தாண்டுக்கு இரண்டு பட்டை வீதம் ஏறி, உயிரோடு இருப்பவர்கள் இன்று உச்சியில் இருக்கிறார்கள். அங்கே பெண்கள் பக்கம் சற்று நீளம். அடியிலோ குறுகல்: தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு குழந்தைக்கும் கீழே இறங்கி இருபது ஆண்டாகிறது. நடுவில் வந்து சேர்பவர்கள் இப்போது ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள்.

*

எனக்குப் பிடித்தது, பட்டைகளுக்குள் மறைந்திருக்கும் பொய். ஒவ்வொரு வயதுக்கும் தனிப் பட்டை போட்டால் 30, 35, 40, 45 எல்லாம் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். 39உம் 41உம் பள்ளம். “அறுபது இருக்கும், எழுதிக்கோங்க” என்று சொன்ன பாட்டிகளின் கைவரிசை. (பிறந்த தேதியைப் பள்ளிக்கூடமே ஜூன் மாதத்தில் போட்டுக்கொடுத்த தலைமுறைக்கு இது ஆச்சரியமில்லை.) ஐந்து ஐந்தாகத் தொகுப்பதால் அந்த முட்கள் கொஞ்சம் மழுங்குகின்றன.

*

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. வகுப்பில் இன்னும் 2011தான். அதில் அடிப்பட்டையாக இருந்த குழந்தைகள் வளர்ந்து, அதே படத்தைத் தேர்வில் வரைகிறார்கள்.

அடுத்த கணக்குக்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. கணக்கெடுக்க ஆள் வரும்போது வயதைச் சைபரிலோ ஐந்திலோ கொண்டு நிறுத்தாமல் உள்ளபடி சொல்லுங்கள். நைட் ஷிஃப்ட் முடித்து மாடி ரூமில் தூங்கும் பையன்களையும் எழுப்பி எழுத வையுங்கள்.