இறந்த காலமும் இறவாத காலமும்

ஆன்மசாந்தி என்னும் சொல்லை எளிதாக உச்சரித்துவிடுகிறோம். ஆயின் அச்சாந்தி கிரியையால் வருவதா, தானத்தால் வருவதா, இருப்போர் இறந்தோர்க்குச் செவிகொடுப்பதால் வருவதா என்னும் வினா, இலங்கை மலையகத்தில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கருமாதி முடிந்து தொழிலாளர் லயத்துக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதையில் என்னைத் தைத்ததுபோல் வேறெங்கும் தைத்ததில்லை.

அவ்வினா எனக்கு நினைவூட்டியது மெக்சிகோ தேசத்து ஹுவான் ருல்போவை (1917–1986). அவர் ஒரு சிறுகதைத் தொகுதியாலும், 1955இல் வெளிவந்த 'பெத்ரோ பராமோ' என்னும் சிறு நாவலாலும் உலகப் புகழ் எய்தியவர். தாயின் மரணவாக்கைச் சிரமேற்கொண்டு, முகமறியாத் தந்தையைத் தேடிக் கோமாலா என்னும் ஊருக்குப் போகும் மகன், அங்கே தன்னோடு பேசுவோர் மாண்டோரே என்று காண்கிறான். அவனும் புதைகுழியில் கிடந்தே கதை சொல்கிறான் என்பது நமக்குப் பாதி நூலில்தான் விளங்குகிறது. கால வரிசையைக் குலைத்த இப்புதுமையை வெறும் உத்தி என்பார் உளர். எனக்கோ அது தர்மவிசாரமாகவே படுகிறது. தன்னுயிரை மாய்த்துக்கொண்ட எளியவளுக்காக அவள் சகோதரி மன்றாடும்போது பூசைக்குப் பணம் வேண்டுமே என்று கைவிரிக்கும் அவ்வூர்ப் பாதிரியார், பண்ணையார் தம் கொடிய மகனுக்காக வைக்கும் பொற்காசை ஏற்றுக்கொள்கிறார். சாந்தி விலைக்கு வந்த ஊரில் மாண்டோர் ஓயாது முணுமுணுப்பதில் வியப்பென்ன?

தந்தையைத் தேடிப்போன அம்மகன் நெஞ்சில் சுமந்து சென்றது கோமாலாவைப் பற்றித் தாய் சொன்ன பசுமை. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசைவார்த்தையை நம்பிக் கடல்கடந்த நம் முன்னோர் சுமந்து வந்ததும் அத்தகைய பசுமையே. அவர்களுள் எத்தனையோ பேர் கல்லும் பெயரும் இன்றி இம்மண்ணில் கரைந்தனர். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டோர் பலர். நான்கே நாளில் கல்லறைத் திருநாள் வந்தது. மெக்சிகோவில் இறந்தோரை வீட்டுக்கு அழைத்து விருந்து படைக்கும் நாளும் அதுவே. கல்லறையே இல்லாதவர்க்கு மெழுகுவர்த்தியை எங்கே ஏற்றுவது?

ஊவாவில் 1934இல் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சூடிக்கொண்ட எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், தம் நாவலொன்றுக்குக் 'காலங்கள் சாவதில்லை' என்று பெயரிட்டார். சென்றதை 'இறந்த காலம்' என்கிறது நம் இலக்கணம்; அதனை மறுக்கும் அத்தலைப்பில் மலையகத்தின் வேதாந்தமே அடங்கியிருக்கக் காண்கிறேன். மாண்டோர்க்குரிய கடன் தீராதவரை காலம் இறவாது. அக்கடனுள் முதற்கடன், மாண்டோர் இன்னார் என்று அறிந்து சொல்லுதல்.

ஆதலின் எள்ளும் நீரும் இறைப்போரே, மெழுகுவர்த்தி ஏற்றுவோரே, உங்கள் பாட்டியின் பெயரையும், அவள் கொழுந்தெடுத்த மலையின் பெயரையும், பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிவையுங்கள்.