விடை கேட்கும் வேளை
கணினி விளையாட்டில் வழி தெரியாது திகைப்போன் விடைநூலைப் புரட்டுவது குற்றமா? 'ஸோர்க்' விளையாட்டை வெளியிட்ட அமெரிக்க நிறுவனமான இன்ஃபோகாம், குறிப்பு நூல்களை விற்றது. அவற்றின் விடைகள் கண்ணுக்குப் புலப்படாத மையால் அச்சிடப்பட்டிருந்தன. உடன் வந்த பேனாவால் தேய்த்தாலே எழுத்துத் தோன்றும். முதல் வரி இலேசான சாடை. அடுத்தது சற்றே தெளிவு. கடைசி வரியே முழு விடை. எங்கே நிறுத்துவது என்பதை விளையாடுபவனின் மனமே தீர்மானித்தது.

ஓதும் பிள்ளை மறந்து நிற்கையில் உஸ்தாது ஒரு சொல்லை மட்டுமே எடுத்துக் கொடுப்பார். மிகுதியைப் பிள்ளையே ஓதும். முழுவதையும் அவரே ஓதிவிட்டால் பிள்ளையின் நெஞ்சில் என்ன தங்கும்? கேட்பது இழிவன்று. முயன்று களைத்தபின் கேட்பவன் கற்கிறான். முயலும் முன்னரே கேட்பவன் கண்டறியும் இன்பத்தை இழக்கிறான். இன்று முழு விடையும் விரல் நுனியில் கிடக்கிறது. நிறுத்தும் பொறுப்போ முன்னிலும் கூடியிருக்கிறது.